நிறையாத தொட்டி: செப்டிக் டேங்க் வந்த கதை

"எங்க வீட்டு செப்டிக் டேங்க் கட்டி இருபது வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு தடவை கூட நிறையல!"

தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவராவது இப்படிப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்பவர்களும் "நல்ல மேஸ்திரி கட்டியிருக்காரு" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய இதே பெருமையைச் சொல்லித்தான் பிரான்ஸ் நாட்டில் ஒருவர் 1881-ல் காப்புரிமையே வாங்கினார். செப்டிக் டேங்கின் வரலாறு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பெருமையில் பாதி உண்மை. மீதிப் பாதி பொய் என்று கண்டுபிடிக்க உலகத்துக்குப் பல வருடங்கள் ஆயின. நம் ஊரில் அந்தப் பொய்க்கான விலையை இன்றும் சிலர் உயிரால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால் மண்ணுக்குள் கிடக்கும் ஒரு தொட்டிக்கு இவ்வளவு பெரிய கதையா? இருக்கிறது. முதலிலிருந்து பார்க்கலாம்.

தொட்டிக்கு முன்னால் குழி

செப்டிக் டேங்க் வருவதற்கு முன் ஐரோப்பிய நகரங்களில் இருந்தவை வெறும் மலக்குழிகள். வீட்டுக்கு அடியிலோ முற்றத்திலோ ஒரு குழி. அது நிறைந்ததும் ஆட்கள் வந்து இறங்கி, வாளியில் அள்ளிக்கொண்டு போவார்கள்.

இத்தாலியின் மொடேனா நகரில் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். ஒருமுறை அவருடைய வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அரக்கப்பரக்க வேலை செய்வதைப் பார்த்து, ஏன் இந்த அவசரம் என்று ரமஸ்ஸினி கேட்டார். சில மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றார் அந்தத் தொழிலாளி. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் இருட்டறையில் அடைந்துகொண்டு கண்ணைக் கழுவிக்கொள்வாராம். ரமஸ்ஸினிக்கு அது மனதில் தைத்தது. தொழிலாளர்களுக்கு அவர்கள் செய்யும் தொழிலாலேயே வரும் நோய்களைப் பற்றி 1700-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இன்று அவரைத் தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்கிறார்கள். அந்த மருத்துவப் பிரிவே ஒரு மலக்குழித் தொழிலாளியிடம் கேட்ட கேள்வியில் பிறந்தது என்றால் தவறில்லை.

பாரிசில் இன்னும் மோசம். குழியில் இறங்குபவர்கள் திடீரென்று சுருண்டு விழுந்து இறப்பது அங்கே வழக்கமாகவே இருந்தது. நெஞ்சில் ஈயக்குண்டு வைத்து அழுத்துவது போலிருக்கும் என்பதால் தொழிலாளர்கள் அதற்கு "ஈயம்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். குழியில் வினிகர் ஊற்றினால் நச்சுக்காற்று போய்விடும் என்று ஒருவர் சொல்ல, 1782-ல் அறிஞர்கள் முன்னிலையில் சோதனை நடந்தது. சோதனை தோற்றது. குழியில் விழுந்த ஒரு தொழிலாளியின் உயிர் போனது, காப்பாற்றப் போனவரும் மயங்கி விழுந்தார். அந்தச் சோதனையைக் கவனித்த மருத்துவர் ழான் நோயல் ஆலே 1785-ல் மலக்குழி நச்சுக்காற்றைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

இந்த 1785 என்ற வருடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. குழிக்குள் இருக்கும் காற்று ஆளைக் கொல்லும் என்று புத்தகமாக அச்சாகி 240 வருடங்கள் ஆகின்றன.

வெசூல் நகரத்து வீடு

1860 வாக்கில் கிழக்கு பிரான்சில் வெசூல் என்ற ஊரில் ழான் லூயி மூரா என்பவர் ஒரு வீட்டுக்குப் புதுமாதிரியான ஏற்பாடு செய்தார். கழிவறைக் குழாயை நேராக மலக்குழிக்குள் விடாமல், நடுவில் கல்லால் ஒரு தொட்டி கட்டினார். குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும், அதனால் வெளிக்காற்று உள்ளே போகாது. ஒரு பக்கம் கழிவு உள்ளே வந்தால், அதே அளவு தண்ணீர் மறுபக்கம் வழிந்து வெளியேறும். சமையலறைத் தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான்.

சுமார் பன்னிரண்டு வருடம் கழித்துத் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். கெட்டியான கழிவு மலைபோல் இருக்கும் என்று நினைத்தால், உள்ளே கலங்கிய தண்ணீர்தான் பெரும்பாலும் இருந்தது. போனதெல்லாம் எங்கே போயிற்று?

மொய்ஞோ என்ற பாதிரியார் அறிவியல் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். மூராவின் தொட்டியை 1881 டிசம்பரிலும் 1882 ஜனவரியிலும் தன் பத்திரிகையில் எழுதி உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். ஆள் இறங்க வேண்டாம், நாற்றம் இல்லை, தானே சுத்தம் செய்துகொள்ளும் எந்திரம் என்ற பெயரோடு அது பரவியது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்களை லூயி பாஸ்டர் அதற்குச் சுமார் இருபது வருடம் முன்பே கண்டறிந்திருந்தார். கழிவைக் கரைப்பது அவையாகத்தான் இருக்கும் என்று மொய்ஞோ ஊகித்தார். ஊகம் சரிதான்.

ஆனால் விளம்பரம் பாதிதான் சரி. நுண்ணுயிர்கள் கழிவை எவ்வளவு தின்றாலும் ஒரு பகுதி மிஞ்சும். அது சேறாக அடியில் படியும். எண்ணெய்ப் பிசுக்கும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும்தான் வெளியே போக வேண்டும். சேறும் ஆடையும் வளர வளர நடுவில் இடம் குறையும். கடைசியில் சேறும் தண்ணீரோடு சேர்ந்து வெளியே போக ஆரம்பிக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் பயன்படுத்த ஆரம்பித்த சில நாட்களிலேயே நிறைந்துவிடும். அதன் பிறகு எப்போதும் நிறைந்தேதான் இருக்கும், வந்த அளவு வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆக "நிறையவே இல்லை" என்பது பெருமையாகச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. ஒன்று, சேறு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. அல்லது, தொட்டிக்கு அடித்தளமே இல்லாமல் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

பெயர் வைத்தவர்

"செப்டிக் டேங்க்" என்ற பெயரை வைத்தவர் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்துப் பொறியாளர் டொனால்ட் கேமரூன். செப்டிக் என்பது அழுகுதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அழுகலைத் தடுப்பது எப்படி என்று மருத்துவ உலகம் போராடிக்கொண்டிருந்த காலத்தில், அழுகலையே வேலைக்காரனாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன பெயர் அது.

1895-ல் அந்த நகரத்தின் ஒரு பகுதியில் சுமார் 1,500 பேரின் கழிவுநீருக்காக மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார் கேமரூன். அதிலிருந்து வந்த வாயுவைக் குழாயில் பிடித்து அங்கேயே விளக்கு எரித்துக் காட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள்! (அந்த வாயு மீத்தேன். எரிவது மட்டுமல்ல, மூடிய இடத்தில் தேங்கினால் வெடிக்கவும் செய்யும். விளக்கை எரித்த அதே வாயுதான், தொட்டிக்குள் தீக்குச்சி உரசிப் பார்த்தவர்களைப் பதம் பார்த்தது.)

ராயல்டி சண்டை

காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சுவையான பகுதி இது.

கேமரூன் 1895-ல் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1899-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அமெரிக்காவில் அந்த உரிமையை வைத்திருந்த கேமரூன் செப்டிக் டேங்க் கம்பெனி ஊர் ஊராக ராயல்டி கேட்க ஆரம்பித்தது. அதாவது ஒரு நகராட்சி தன் செலவில், தன் என்ஜினியரை வைத்து, தானே தொட்டி கட்டிக்கொண்டாலும், உள்ளே கழிவு அழுகும் முறைக்குக் காசு தர வேண்டும்!

நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊர்மீது கம்பெனி வழக்குப் போட்டது. 1908-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவ்வளவுதான், செப்டிக் டேங்க் வைத்திருந்த ஊர்களுக்கெல்லாம் கிலி பிடித்தது. எதிர்த்துப் போராட ஊர்கள் சேர்ந்து சங்கமே அமைத்தன. கடைசியில் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகர வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1913-ல் தீர்ப்பு வந்தது. அழுகல் யாருக்குச் சொந்தம் என்ற தத்துவத்துக்குள் எல்லாம் கோர்ட் போகவில்லை. பிரிட்டிஷ் காப்புரிமையின் காலம் முடிந்துவிட்டது, ஆகவே அதைத் தொடர்ந்து வந்த அமெரிக்கக் காப்புரிமையும் அதோடு முடிந்தது என்று கணக்குப் பார்த்து முடித்துவிட்டது. அன்றிலிருந்து செப்டிக் டேங்க் எல்லோருக்கும் பொதுச் சொத்து.

இந்தச் சண்டையில் ஒரு விஷயம் உறுத்துகிறது. தொட்டியின் லாபம் யாருக்கு என்பதற்கு இவ்வளவு வக்கீல்கள் வாதாடினார்கள். தொட்டியின் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதற்கு அந்த வழக்குகளில் யாரும் வாதாடவில்லை.

கரையாத கசடு

அதே 1908-ல் இங்கிலாந்தில் கழிவுநீர் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ராயல் கமிஷன் தன் ஐந்தாவது அறிக்கையை வெளியிட்டது. செப்டிக் டேங்க் கசடு முழுவதையும் கரைத்துவிடும் என்று சொல்லப்பட்டதெல்லாம் நடைமுறையில் நிற்கவில்லை என்பது அதில் தெளிவானது. கசடு சேரத்தான் செய்யும், எடுக்கத்தான் வேண்டும்.

ஜெர்மனியில் எம்ஷர் ஆற்றுப் பகுதியில் வேலை பார்த்த கார்ல் இம்ஹாஃப் என்ற பொறியாளர், கசடு தங்கும் இடத்தையும் தண்ணீர் ஓடும் இடத்தையும் மாடி வீடு போல மேலும் கீழுமாகப் பிரித்து ஒரு தொட்டி வடிவமைத்தார். நகரங்கள் மெல்ல அந்தப் பக்கமும், பிறகு பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் பக்கமும் போய்விட்டன. செப்டிக் டேங்க் தனி வீடுகளுக்கு என்று ஆகிப்போனது.

இங்கேதான் ஒரு முக்கியமான மாற்றம். நகராட்சித் தொட்டி என்றால் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் உண்டு, பட்ஜெட் உண்டு. வீட்டுத் தொட்டிக்கு? வீட்டுக்காரர்தான் என்ஜினியர், அவர்தான் கணக்காளர். கக்கூஸில் தண்ணீர் போகிறவரை தொட்டி இருப்பதையே மறந்துவிடுவார்.

அமெரிக்கப் புறநகர் கற்ற பாடம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் புறநகர் வீடுகள் காளான் மாதிரி முளைத்தன. பாதாளச் சாக்கடை அந்த வேகத்துக்கு ஓடிவர முடியவில்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு செப்டிக் டேங்க்தான் கதி. சில வருடங்களிலேயே பல இடங்களில் தோட்டத்தில் கழிவுநீர் பொங்க ஆரம்பித்தது.

ஏன் என்று பார்த்தபோது, பிரச்சினை பெரும்பாலும் தொட்டியில் இல்லை, தொட்டிக்குப் பிறகு வரும் மண்ணில் இருந்தது. செப்டிக் டேங்க் பாதி வேலைதான் செய்யும். அதிலிருந்து வரும் தண்ணீரில் கிருமிகள் இருக்கும். அதை வடிகட்டிச் சுத்தப்படுத்துவது மண். மண் குடிக்காவிட்டால் எல்லாமே தோல்வி. எந்த மண் எவ்வளவு குடிக்கும் என்று அறிய, நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி ரயான் என்ற பொறியாளர் 1920-களிலேயே எளிய சோதனை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு குழி தோண்டு, தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவை, பிறகு நீர்மட்டம் ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார். அவ்வளவுதான். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை போருக்குப் பிறகு சின்சினாட்டியில் நடத்திய ஆய்வுகளை வைத்து 1957-ல் ஒரு கையேடு போட்டது. தொட்டியை அவ்வப்போது திறந்து கசடு அளவு பார்ப்பது, காலத்தில் எடுப்பது, மண்ணைச் சோதிப்பது எல்லாம் அதில் விதிகளாகின.

தொட்டிக்குள் எதை ஊற்றுகிறோம் என்பதும் அந்தக் காலத்தில்தான் பிரச்சினையாக வெடித்தது. அப்போதைய சலவைத்தூள்களில் இருந்த ஒரு ரசாயனத்தை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியவில்லை. அது தொட்டியையும் மண்ணையும் தாண்டி நிலத்தடி நீருக்குப் போனது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் குழாயைத் திறந்தால் குடிதண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது! 1965 வாக்கில் கம்பெனிகள் எளிதில் சிதையும் ரசாயனத்துக்கு மாறிய பிறகுதான் நுரை அடங்கியது. நம் வீட்டுக் கழிவு நம் கிணற்றுக்கே திரும்பி வரும் என்பதை நுரை கண்ணுக்குக் காட்டியது. கிருமிகள் நுரைப்பதில்லை, அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

கரண்ட் நுழைந்த கதை

மூராவின் தொட்டிக்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு. அதில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதால் எல்லாம் நடக்கிறது. நாடு முழுக்க மின்வெட்டு வந்தாலும் அதற்குத் தெரியாது.

ஆனால் களிமண் பூமியிலும், நிலத்தடி நீர் மேலேயே இருக்கும் இடங்களிலும் இந்த முறை எடுபடவில்லை. அதற்குத் தீர்வாக 1947-ல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் தரைக்கு மேலே மணல்மேடு கட்டி, கழிவுநீரை அதற்குள் விடும் முறை வந்தது. 1970-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அதை ஆராய்ந்து மேம்படுத்தியது. நல்ல முறைதான். ஆனால் பள்ளத்தில் இருக்கும் தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாதே! ஒரு பம்ப் வேண்டும். பம்புக்கு மிதவை சுவிட்ச் வேண்டும். எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். காற்று ஊதிக் கழிவைச் சுத்திகரிக்கும் வகைத் தொட்டிகளுக்கும் இதே நிலைதான்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. அப்படி ஒரு மின்வெட்டில் பம்ப் வைத்த வீட்டில் என்ன நடக்கும்? பம்ப் இருக்கும் தொட்டியில் பொதுவாக ஒரு நாள் புழக்கத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். அதுவரை பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகும் தண்ணீரைத் திறந்துகொண்டே இருந்தால், வந்த வழியே திரும்பி வீட்டின் தாழ்வான குழாய் வழியாகக் கழிவு மேலே வரும். மட்டம் ஏறினால் கத்த வேண்டிய அலாரமும் அதே கரண்டில்தான் ஓடுகிறது. அதனால் அதுவும் ஊமையாகிவிடும்.

சொந்தக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பாதுகாப்பு தானாகவே அமைகிறது. கரண்ட் போனால் கிணற்று மோட்டாரும் ஓடாது, தண்ணீரே வராது. நம் ஊர் மாதிரி மொட்டைமாடியில் 1,000 லிட்டர் டேங்க் வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கரண்ட் போனபிறகும் மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், கீழே வெளியேற வழியிருக்காது.

கரண்ட் திரும்பி வந்ததும் இன்னொரு ஆபத்து. தேங்கியதை எல்லாம் பம்ப் ஒரே மூச்சில் மண்ணுக்குள் தள்ளும். மண் மூச்சுத் திணறிக் கழிவு வெளியே கசியும். ஆகவே பம்ப் சுவிட்சை முதலிலேயே அணைத்து வைத்துவிட்டு, கரண்ட் வந்தபிறகு சில நிமிடம் ஓட விட்டு, சில மணி நேரம் இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மட்டத்தை இறக்க வேண்டும்.

நம் ஊரில்

செப்டிக் டேங்க் எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் 1963-லேயே வந்துவிட்டது. ஐ.எஸ். 2470 என்று பெயர். அடியில் கசியாத தளம், இரண்டு அறை, காற்றுக்குழாய், வெளியேறும் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி என்று முறையாகக் கட்டச் சொல்கிறார்கள். ஆனால் நம் தெருக்களில் "செப்டிக் டேங்க்" என்று சொல்லப்படுவதில் பல, சிமெண்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, அடியை மண்ணாகவே விட்ட குழிகள். அவை நிறையாது என்பது உண்மை. எல்லாம் பக்கத்துக் கிணற்றையும் போர்வெல்லையும் தேடிப் போகும்போது எப்படி நிறையும்?

சரி, ஒருநாள் அடைத்துக்கொள்கிறது. அப்போது என்ன நடக்கிறது? ஒரு ஆளைக் கூப்பிடுகிறார்கள். அந்த ஆள் எந்தச் சாதி, எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது ஊருக்கே தெரியும். வருடக்கணக்கில் திறக்காத மூடியைத் திறந்து உள்ளே இறங்கச் சொல்கிறார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் சில நொடிகளில் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும், சில சமயம் மூன்றாவது ஆளும் திரும்பி வருவதில்லை. பாரிசில் 1782-ல் நடந்தது அப்படியே இங்கே நடக்கிறது.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிராக 1993-ல் முதல் மத்தியச் சட்டம் வந்தது. 2013-ல் வந்த சட்டம், பாதுகாப்பு இல்லாமல் ஆட்களைச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்குவதையும் குற்றமாக்கியது. 1993-க்குப் பிறகு இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குகளில், இந்த மரணங்களில் தமிழ்நாடு பலமுறை முன்வரிசையில் இருந்திருக்கிறது. வெட்கப்பட வேண்டிய முன்வரிசை.

கணக்கியலில் தேய்மானம் என்று ஒன்று படிக்கிறார்கள். எந்திரம் வாங்கிய அன்றே, அது ஒவ்வொரு வருடமும் தேயும் என்று ஒரு தொகையைக் கணக்கில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் லாபம் அதிகமாகத் தெரியும், ஆனால் அது பொய் லாபம். "இருபது வருஷமா செலவே இல்லை" என்ற பெருமையும் அப்படித்தான். செலவு இல்லாமல் இல்லை. கணக்கில் எழுதவில்லை. பக்கத்து வீட்டுக் கிணறும், குழியில் இறங்கிய ஆளின் குடும்பமும் அதைச் சுமக்கிறார்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

இத்தனை வருட வரலாறு கற்றுத் தந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்:

1. நிறைந்து வழியும்வரை காத்திருக்கக் கூடாது. நம் ஊர் வழிகாட்டுதல்படி 2 அல்லது 3 வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். அடிச்சேறும் மேல் ஆடையும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கடைசியாக எடுத்த தேதியை வீட்டில் எழுதி வைக்க வேண்டும்.

2. கசடு எடுக்க உறிஞ்சு லாரிதான் வர வேண்டும், ஆள் இறங்கக் கூடாது. "கொஞ்சம் அடியில இருக்கு, இறங்கினா எடுத்துடலாம்" என்றாலும் கூடாது. கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

3. எடுத்த கசடு எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். ஏரியில் கொட்டினால் பிரச்சினை இடம் மாறியதுதான் மிச்சம். தமிழ்நாடு அரசு 2014-ல் இதற்கென்று உள்ளாட்சிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் லாரி போக வேண்டும்.

4. மூடி திறந்திருக்கும்போது குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. விரிசல் விட்ட மூடியை அன்றே மாற்ற வேண்டும், குழந்தைகள் விழுந்த சம்பவங்கள் உண்டு. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

5. சமையல் எண்ணெய், நாப்கின், துணி, மிச்சப் பெயிண்ட், பாட்டில் பாட்டிலாக ஆசிட் - எதுவும் உள்ளே போகக் கூடாது. உள்ளே வேலை செய்வது உயிருள்ள நுண்ணுயிர்கள். ஆசிட் ஊற்றினால் கக்கூஸ் பளபளக்கும், தொட்டி செத்துப்போகும்.

6. உங்கள் வீட்டுத் தொட்டி பம்பில் ஓடுகிறதா, சரிவில் ஓடுகிறதா என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் என்றால், கரண்ட் போனதும் தண்ணீர்ப் புழக்கத்தைக் குறைக்க வேண்டும். குளியல், துணி துவைப்பது எல்லாம் பிறகு. பம்பைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், ஈரத்தில் நின்றுகொண்டிருக்கும்போது கரண்ட் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டவே கூடாது, அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

7. 2015 டிசம்பரில் சென்னையில் வந்தது போல வெள்ளமும் மின்வெட்டும் சேர்ந்து வந்தால், தண்ணீர் வடிவதற்கு முன் அவசரப்பட்டுத் தொட்டியைக் காலி செய்யக் கூடாது. சுற்றிலும் மண் ஊறிப்போயிருக்கும்போது காலித் தொட்டி படகு மாதிரி மேலே கிளம்பும், செங்கல் தொட்டி என்றால் சுவர் உள்ளே சரியும். வெள்ளம் வடிந்தபிறகு கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்கக் கூடாது.

இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பெரும்பாலானவை நூறு வருடம் முன்பே தெரிந்தவை. நச்சுக்காற்று விஷயமோ ரமஸ்ஸினி காலத்துச் சமாச்சாரம்.

மூரா செய்தது உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. மனிதன் குழியில் இறங்கத் தேவையில்லாத ஒரு தொட்டியைக் கட்ட முடியும் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பில் குற்றமில்லை. அதற்கு அவ்வப்போது ஒரு லாரியும், கொஞ்சம் பணமும், காலண்டரில் ஒரு தேதியும் வேண்டும் என்பதை மட்டும் அவருடைய விளம்பரம் சொல்லாமல் விட்டுவிட்டது. இன்றைக்கு ஒரு லாரிக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பத்து வருடம் தள்ளிப்போட்டால், கடைசியில் யாரோ ஒருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டி வரும்.

அடுத்தமுறை யாராவது "எங்க டேங்க் இருபது வருஷமா நிறையல" என்று சொன்னால், பாராட்ட வேண்டாம். "கடைசியா எப்ப லாரி வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.